கடவுள் கைவிட்டுவிட்டார் என்று சொல்லும் அப்பாவிடம் என்ன பேசுவது?

கேள்வி: அப்பாவுக்குக் கணையத்தில் புற்றுநோய். மூன்று வாரமாக மருத்துவமனையில் இருக்கிறோம். இனி நோயைக் குறைக்க வழியில்லை, வலி தெரியாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் அம்மாவிடமும் என்னிடமும் சொல்லிவிட்டார். அப்பாவுக்கு நோயின் பெயர் தெரியும், நாள் அதிகம் இல்லை என்பது தெரியுமா என்று எங்களுக்குப் புரியவில்லை. காலையில் பிரார்த்தனை முடிக்காமல் பச்சைத் தண்ணீர் குடிக்காத மனிதர், இப்போது பிரார்த்தனைப் புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகச் சொல்லிவிட்டார். "அவன் என்னைக் கைவிட்டுட்டான், நான் யாருக்கு என்ன பாவம் செஞ்சேன்" என்று அடிக்கடி கேட்கிறார். அத்தை தினமும் நாலைந்து பேரைக் கூட்டி வந்து கட்டிலைச் சுற்றி நின்று பிரார்த்தனை செய்கிறார், நம்பிக்கை இருந்தால் அற்புதம் நடக்கும் என்கிறார். அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். "நீ சொன்னா கேப்பார், பேசிப் பாரு" என்கிறார் அம்மா. எனக்கோ கடவுள் நம்பிக்கை கிடையாது. அவருடைய கேள்விக்கு நான் என்ன பதில் சொல்வது? அவருக்காக நம்புவதுபோல் நடிக்கலாமா?

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் ஒரு வேலை. அப்பா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுக்கிறார் என்று எழுதியிருக்கிறீர்களே, அதை நாளைக் காலை ரவுண்ட்ஸ் வரும் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். மருத்துவமனையில் வேலை செய்யும் ஆன்மிக ஆலோசகரிடம் கேட்டால் மாத்திரை மருந்தைப் பற்றிப் பேசுகிறாரே என்று தோன்றலாம். கணையப் புற்றுநோயில் வலி மேல்வயிற்றிலிருந்து முதுகு வரை ஊடுருவிப் போகும், மல்லாந்து படுத்தால் கூடும், அதனாலேயே பலர் ஒருக்களித்துச் சுருண்டு படுப்பார்கள். மனச்சோர்வும் இந்த நோயோடு கூடவே வருவது அதிகம். ராத்திரி தூக்கம் இல்லாமல், அடுத்த ஊசி எப்போது போடுவார்கள் என்று கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறவரிடம் கடவுளைப் பற்றிப் பேசுவதில் அர்த்தம் இல்லை. வலி நிஜமாகவே கட்டுக்குள் இருக்கிறதா, மனச்சோர்வுக்கு யாராவது பார்த்தார்களா, இந்த இரண்டையும் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். நான் பார்த்தவர்களில் சிலருக்கு மார்ஃபின் அளவைச் சரிசெய்த மறுநாளே பிரார்த்தனைப் புத்தகம் தலையணைக்கு அடியில் திரும்பி வந்துவிட்டது. எல்லோருக்கும் அப்படி நடக்காது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

லண்டனில் 1967-இல் செயின்ட் கிறிஸ்டோபர்ஸ் ஹாஸ்பிஸை, அதாவது குணமாக வழியில்லாதவர்களைக் கடைசிவரை பார்த்துக்கொள்ளும் இல்லத்தை, தொடங்கிய சிசிலி சாண்டர்ஸ் முதலில் நர்ஸ், அப்புறம் மருத்துவ சமூகப் பணியாளர், கடைசியில்தான் டாக்டர். வலியை விவரிக்கச் சொன்னபோது ஒரு நோயாளி, முதுகில் ஆரம்பித்தது, இப்போது நான் முழுசாகவே சரியில்லாமல் போய்விட்டேன் என்கிற மாதிரிச் சொன்னதை அவர் பதிவு செய்திருக்கிறார். உடம்பு, மனம், குடும்பம், நம்பிக்கை நான்கும் சேர்ந்ததுதான் ஒரு மனிதரின் வலி, ஒன்றை விட்டுவிட்டு மற்றதைத் தணிக்க முடியாது என்று அவர் சொன்னதன் மேல்தான் இன்றைய வலி தணிப்புச் சிகிச்சை நிற்கிறது. உலக சுகாதார நிறுவனம் அந்தச் சிகிச்சைக்குத் தரும் விளக்கத்திலும் ஆன்மிகத் துயரம் என்பது உடல் வலிக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அதனால் அப்பாவின் கேள்வியை "பாவம், மனசு ஒடஞ்சு போய்ப் பேசுறார்" என்று ஒதுக்கவும் வேண்டாம்.

சரி, அந்தக் கேள்விக்கு வருவோம். என்ன பதில் சொல்வது என்று கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் பதில் இல்லை. பல வருஷமாக இந்த வேலையில் இருக்கிறேன், எல்லா மதத்துப் பெரியவர்களோடும் வார்டில் சேர்ந்து நின்றிருக்கிறேன், படுத்திருப்பவருக்குப் போதுமான பதிலை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. ஆனால் பதில் இல்லாததால் நீங்கள் வெறுங்கையோடு அவர் முன்னால் உட்கார வேண்டியதில்லை. அப்பா உங்களைச் சோதனைக்காகக் கேட்கவில்லை. தனக்குள் ஓடுவதை யாரிடமாவது சொல்ல முடியுமா என்று பார்க்கிறார். அதற்கு நீங்கள் போதும், நம்பிக்கை இல்லாத நீங்களே போதும், ஒருவேளை அத்தையைவிட நீங்கள் பொருத்தமாகவும் இருக்கலாம், ஏனென்றால் கடவுளுக்காக வாதாட வேண்டிய கட்டாயம் உங்களுக்கு இல்லை.

எப்படிப் பேசுவது என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பார்க்க வருகிறவர்கள் எல்லாம் போன பிறகு, மருந்து கொடுத்து வலி அடங்கியிருக்கும் நேரமாகப் பார்த்து, நாற்காலியை அவர் முகம் திரும்பியிருக்கும் பக்கத்துக்குக் கொண்டு போங்கள். சுவர்ப் பக்கம்தான் என்றால் கட்டிலைக் கொஞ்சம் நகர்த்த முடியுமா என்று நர்ஸிடம் கேளுங்கள், பெரும்பாலும் நகர்த்தித் தருவார்கள். நின்றுகொண்டு பேசாதீர்கள். மேலிருந்து வரும் குரல் எவ்வளவு அன்பாக இருந்தாலும், படுத்திருப்பவர் காதில் உத்தரவு மாதிரிதான் விழும். கைபேசி பைக்குள் போகட்டும். அவர் "கைவிட்டுட்டான்" என்று மறுபடி சொன்னால், "எப்போலேர்ந்துப்பா அப்படித் தோணுது?" என்று கேட்டுவிட்டு நிறுத்திக்கொள்ளுங்கள். அவர் உடனே பேச மாட்டார். அந்த மௌனம்தான் உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும், எதையாவது சொல்லி நிரப்பத் தோன்றும், போர்வையைச் சரிசெய்யத் தோன்றும். சும்மா இருங்கள். ஒரு நிமிஷம், இரண்டு நிமிஷம் போனால் ஏதோ ஒன்று வரும். அது நீங்கள் எதிர்பார்க்கிற விஷயமாகவே இருக்காது. "ஸ்கேன் எடுத்த அன்னிக்கே தெரிஞ்சு போச்சு" என்று வரலாம். "உங்க அம்மாவுக்கு பேங்க் வேலை எதுவும் தெரியாது" என்று வரலாம். கடவுளைப் பற்றி ஆரம்பித்த பேச்சு மனைவியைப் பற்றிய கவலையில் போய் முடிவதை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்தக் கவலைக்கு உங்களால் ஏதாவது செய்ய முடியும், இல்லையா? கணக்கு வழக்கை அம்மாவோடு உட்கார்ந்து பார்க்கிறேன் என்று சொல்லலாம், அதற்கு மறுநாள் ஏதாவது செய்தும் காட்டலாம்.

சொல்லக் கூடாதவை என்று சில உண்டு. "எல்லாம் நன்மைக்கே", "கடவுள் தாங்கக்கூடியவர்களுக்குத்தான் கொடுப்பார்", "உங்களைவிடக் கஷ்டப்படுகிறவர்கள் இருக்கிறார்கள்", "அப்படியெல்லாம் பேசக் கூடாதுப்பா". நான்கும் நல்ல மனசோடு சொல்லப்படுபவைதான், நான்கும் அவர் வாயை அடைப்பவை. குறிப்பாகக் கடைசியாகச் சொன்னதை அம்மாவும் சொல்லாமல் பார்த்துக்கொள்ளுங்கள். தன் கோபம் வீட்டில் உள்ளவர்களைப் பயமுறுத்துகிறது என்று தெரிந்தால் அவர் அதையும் தனக்குள் போட்டுக்கொள்வார்.

அந்தக் கோபத்தைப் பற்றி இன்னொன்று. கைவிட்டுவிட்டான் என்று ஒருவர் சொல்ல வேண்டுமென்றால் எதிரில் ஒரு ஆள் இருந்தாக வேண்டும். உங்கள் அப்பா நம்பிக்கையை விட்டுவிட்டார் என்று எனக்குத் தோன்றவில்லை, சண்டையில் இருக்கிறார். பக்தர்களுக்கு இது புதிதும் இல்லை. பார்வையை இழந்து, ஒரு கண் மட்டும் திரும்பக் கிடைத்த நிலையில் திருவாரூரில் நின்ற சுந்தரர், உமக்கே அடிமையாகக் கிடந்தவர்களை இப்படியா வைப்பீர், நீரே நன்றாக வாழ்ந்து போம் என்று சிவனையே ஏசிப் பாடினார். பைபிளில் வரும் யோபு தான் பிறந்த நாளையே சபித்தார். யாகூப் நபி மகனை இழந்த துக்கத்தில் அழுது அழுதே பார்வை மங்கிப்போனார், தன் முறையீட்டை அல்லாஹ்விடம்தான் வைத்தார். இவர்களில் யாரையும் நம்பிக்கை இல்லாதவர் என்று அவரவர் மரபு தள்ளிவைக்கவில்லை. நீங்கள் எந்த மதம் என்று எழுதவில்லை, பதிலுக்கு அது தேவைப்படவும் இல்லை. ஆனால் அப்பா தன் மரபில் ஊறியவர் என்பதால், அந்த மரபுக்குள்ளேயே இப்படிச் சண்டை போட்டவர்கள் இருக்கிறார்கள் என்பது அவருக்குத் தெரிந்தால் பெரிய ஆறுதல். அதை அவர் மதிக்கும் ஒரு பெரியவர் வந்து சொன்னால் இன்னும் நல்லது.

இதைச் சாதாரணமாக விட்டுவிடவும் முடியாது. மதமும் நோயும் பற்றி நீண்ட காலம் ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் கென்னத் பார்கமென்ட், 55 வயதைத் தாண்டிய ஏறக்குறைய 600 மருத்துவமனை நோயாளிகளை இரண்டு ஆண்டுகள் தொடர்ந்து பார்த்து 2001-இல் வெளியிட்ட ஆய்வில், கடவுள் கைவிட்டுவிட்டார், தண்டிக்கிறார் என்று எண்ணியவர்களிடம் இறப்பு விகிதம் ஓரளவு கூடுதலாக இருந்தது. பயப்படாதீர்கள், கோபம்தான் உயிரை எடுக்கிறது என்று இதற்கு அர்த்தம் இல்லை. இப்படிப்பட்ட போராட்டம் வந்து போனவர்களைவிட, அதிலேயே நீண்ட நாள் மாட்டிக்கொண்டவர்கள்தான் மோசமாகப் பாதிக்கப்பட்டார்கள் என்பதும் அவருடைய அடுத்த ஆய்வில் தெரிந்தது. எனவே அவரை மறுபடி பிரார்த்தனை செய்ய வைப்பது உங்கள் வேலை இல்லை, அவரை அந்தச் சண்டையில் தனியாக விட்டுவிடாமல் இருப்பதுதான் வேலை.

"என்ன பாவம் செஞ்சேன்" என்பதையும் ஒரு முறை நேராகவே கேட்டுப் பாருங்கள்: "அப்பா, மனசுல ஏதாவது உறுத்திக்கிட்டு இருக்கா? யாரையாவது பாக்கணுமா?" பெரும்பாலும் ஒன்றும் இருக்காது. சிலருக்கு இருக்கும். சொத்துத் தகராறில் பேச்சு நின்றுபோன தம்பியோ, சொல்லாமல் விட்ட ஒரு கடனோ, முப்பது வருஷத்துக்கு முன்னால் ஒருவரை அவமானப்படுத்தியதோ இருக்கலாம். அப்படி ஏதாவது வந்தால், "அதெல்லாம் பழைய கதை, விடுங்க" என்று துடைத்துப் போட்டுவிடாதீர்கள். அவருக்கு அது பழைய கதை இல்லை. அந்த ஆளைக் கூப்பிட முடியுமானால் கூப்பிடுங்கள், நேரில் வர முடியாவிட்டால் போனில் பேசட்டும், உயிரோடு இல்லையென்றால் அவர் சொல்லச் சொல்ல நீங்கள் ஒரு கடிதமாக எழுதிவையுங்கள். மன்னிப்புக்கென்று அவருடைய மதத்தில் ஒரு சடங்கோ பிரார்த்தனையோ இருந்து அவர் அதை விரும்பினால், அதைச் செய்யத் தகுதியானவரை அழையுங்கள். யாரை அழைப்பது என்பதை அப்பா சொல்ல வேண்டும், அத்தை சொல்லக் கூடாது.

இனி அத்தை. உங்கள் கடிதத்தில் அவர் மேல் கோபம் தெரிகிறது, நியாயமான கோபம்தான், ஆனாலும் சாகப்போவது அவருடைய அண்ணனோ தம்பியோ என்பதை மறக்க வேண்டாம். தினமும் ஆட்களைக் கூட்டி வருகிறவர் பயத்தில்தான் அதைச் செய்கிறார். அதை நிறுத்தினால் அழுதுவிடுவார்.

அதே சமயம், நம்பிக்கை இருந்தால் குணமாகும் என்ற வாக்கியம் நோயாளியின் காதில் எப்படி விழுகிறது என்று யோசியுங்கள். குணமாகவில்லை என்றால் நம்பிக்கை போதவில்லை என்றுதானே ஆகிறது. ஏற்கெனவே தன்னிடம் என்ன குற்றம் என்று தேடிக்கொண்டிருப்பவரிடம் இன்னொரு குற்றத்தையும் சேர்த்துக் கொடுக்கிறார்கள். என்னைக் கேட்டால் வார்டில் பேசப்படும் வாக்கியங்களிலேயே கொடூரமானது இதுதான். பிரார்த்தனையையே பெரிய அளவில் சோதித்துப் பார்த்த ஆய்வு ஒன்று 2006-இல் வந்தது. அமெரிக்காவின் ஆறு மருத்துவமனைகளில் இதய பைபாஸ் அறுவை செய்துகொண்ட 1,802 பேரிடம் நடந்தது. உங்களுக்காகப் பிரார்த்தனை நடக்கிறது என்று நிச்சயமாகத் தெரிவிக்கப்பட்டவர்களில் 59 சதவீதம் பேருக்கு அறுவைக்குப் பின் சிக்கல்கள் வந்தன. நடக்கலாம், நடக்காமலும் போகலாம் என்று மட்டும் சொல்லப்பட்டவர்களில், பிரார்த்தனை நடந்தவர்களுக்கு 52, நடக்காதவர்களுக்கு 51. பிரார்த்தனை கெடுதல் என்று இதை வைத்துச் சொல்லக் கூடாது, தற்செயலாகவும் இருக்கலாம் என்று ஆய்வாளர்களே சொன்னார்கள். ஆனால் ஆள் வைத்துப் பிரார்த்தனை செய்யும் அளவுக்கா என் நிலைமை மோசமாகிவிட்டது என்று நோயாளி பதறியிருக்கலாம் என்ற ஊகமும் அப்போது எழுந்தது, வார்டில் இருக்கிற எனக்கு அது ரொம்பவே பழக்கமான முகம்.

அத்தையிடம் கட்டிலருகில் எதுவும் பேசாதீர்கள். வராந்தாவில், அவர் தனியாக இருக்கும்போது, அற்புதம் நடக்காது என்று வாதாடுவதில் தொடங்காமல், "எனக்கும் அப்பா பிழைக்கணும்னுதான் ஆசை அத்தை" என்று தொடங்குங்கள், அது பொய்யும் இல்லையே. அப்புறம், "ஆனா கூட்டமா நின்னா அவருக்கு மூச்சு முட்டுது, அவர் திரும்பிப் படுக்கிறத நீங்களும் பாத்திருப்பீங்க. நீங்க மட்டும் வந்து கையப் பிடிச்சுக்கிட்டு உக்காருங்க, மத்தவங்க கீழேயோ வீட்லயோ இருந்து பிரார்த்தனை பண்ணட்டும்" என்று கேளுங்கள். இதற்கும் மேல் ஒன்று: அவர் வேண்டாம் என்று சொன்னாலோ முகத்தைத் திருப்பினாலோ அன்றைக்கு அதோடு நிறுத்திக்கொள்வது என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். சின்ன வயதில் அப்பா எப்படி இருந்தார் என்பது அவருக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது. அந்தக் கதைகளைச் சொல்லச் சொல்லுங்கள், கூடப்பிறந்தவர்கள் இருவருக்கும் நல்லது. எதற்கும் இணங்கவில்லை என்றால் வார்டு பொறுப்பு நர்ஸிடம் சொல்லுங்கள், பார்வையாளர் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது அவர்களுக்குப் பழகிய வேலை, கெட்ட பெயரும் உங்களுக்கு வராது.

ஒரு எச்சரிக்கையும் உண்டு. அற்புதத்துக்காகக் காத்திருக்கும் குடும்பங்கள், கடைசி நேரத்தில் "எல்லாத்தையும் செய்யுங்க" என்று சொல்லி நோயாளியை ஐசியூவுக்கு அனுப்புவது நடக்கிறது. முற்றிய புற்றுநோயாளிகளைப் பற்றி 2013-இல் அமெரிக்காவில் வந்த ஓர் ஆய்விலும், தங்கள் மதக் குழுவின் ஆதரவு நிறைய உள்ளவர்களுக்குத்தான் கடைசி வாரத்தில் தீவிர சிகிச்சை அதிகம் நடந்தது, மருத்துவக் குழுவே ஆன்மிக ஆதரவும் கொடுத்த இடங்களில் அது குறைந்தது. வென்டிலேட்டர் வேண்டுமா வேண்டாமா என்பதை அப்பா பேசக்கூடிய நிலையில் இருக்கும்போதே அவரிடமே டாக்டர் கேட்டுவிடட்டும்.

அதற்கு அவருக்கு நிலைமை தெரிந்திருக்க வேண்டும். சொல்லலாமா வேண்டாமா என்று குடும்பத்துக்குள் மாதக் கணக்கில் விவாதிக்கிறார்கள், அவரிடம் மட்டும் யாரும் கேட்பதில்லை. "டாக்டர் சொன்னதுல உங்களுக்கு என்னப்பா புரிஞ்சிருக்கு? இன்னும் தெரிஞ்சுக்கணுமா, இல்ல அதெல்லாம் நாங்களே பாத்துக்கட்டுமா?" என்று கேளுங்கள், அவர் எதைச் சொன்னாலும் அதன்படி நடங்கள். எனக்கென்னவோ அவருக்குத் தெரியும் என்றுதான் படுகிறது. தெரியாதவர் பிரார்த்தனைப் புத்தகத்தை வீட்டுக்கு அனுப்ப மாட்டார்.

நடிக்கலாமா என்று கேட்டீர்கள். வேண்டாம். இத்தனை வருஷம் உங்களை வளர்த்தவர், கண்டுபிடித்துவிடுவார். ஆனால் நம்பாமலே செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. அவர் கேட்டால் புத்தகத்தை எடுத்து வாசிக்கலாம், அது பொய் இல்லை, அவருக்குக் கண் வலிக்கிறது என்பதால் உங்கள் கண்ணைக் கொடுக்கிறீர்கள், அவ்வளவுதான். "எனக்குப் பிரார்த்தனை பண்ணத் தெரியாதுப்பா, நீங்க பண்ணும்போது கூட உக்காந்திருக்கட்டுமா?" என்று கேட்கலாம். எங்கள் வேலையும் அப்படித்தான் நடக்கிறது, எங்கள் மதத்துக்காரர் அல்லாதவர்களின் கட்டிலருகில்தான் பாதி நாள் போகும், யாரையும் எந்தப் பக்கமும் இழுப்பதில்லை. ஆன்மிக ஆலோசகர்களுக்கு மருத்துவமனையிலேயே தரும் பயிற்சியை 1925-இல் மாசசூசெட்ஸில் ஒரு மனநல மருத்துவமனையில் தொடங்கியவர்களில் முக்கியமானவர் ஆன்டன் பாய்சன், பாதிரியார், தானே மனநோயாளியாக உள்ளே இருந்து வெளியே வந்தவர். வேத புத்தகத்தைப் படிக்கிற அதே கவனத்தோடு நோயாளியைப் படியுங்கள் என்று மாணவர்களுக்குச் சொன்னார். அதற்கு மதம் தேவைப்படாது, பொறுமைதான் வேண்டும்.

பேச்சு சகஜமான பிறகு, அவர் தெம்பாக இருக்கும் ஒரு நாளில் இன்னொன்றும் செய்யலாம். கனடாவைச் சேர்ந்த மனநல மருத்துவர் ஹார்வி சோச்சினோவ், சாவை எதிர்நோக்கி இருப்பவர்களிடம் சில கேள்விகள் கேட்டு, பதிலைப் பதிவுசெய்து, எழுத்தாக்கி, அவர்களிடமே வாசித்துக் காட்டித் திருத்தி, குடும்பத்துக்குக் கொடுக்கும் முறையை 2005 வாக்கில் அறிமுகப்படுத்தினார். எந்தக் காலத்தில் ரொம்ப உயிர்ப்போடு இருந்தீர்கள், எதைச் செய்ததில் உங்களுக்குப் பெருமை, எங்களுக்கு என்ன சொல்லிவைக்க விரும்புகிறீர்கள் என்பது மாதிரியான கேள்விகள்தான். முறையான பயிற்சி இல்லாமலும் கைபேசியில் பதிவு போட்டுவிட்டு நீங்கள் கேட்கலாம், ஒரே நாளில் எல்லாவற்றையும் கேட்டுக் களைப்படைய வைக்காமல். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டுப் பதிவு செய்யுங்கள்.

ஒரு நாள் அவர் பேச்சு நின்று, கூப்பிட்டாலும் கண் திறக்காத நிலை வரும். அப்போதும் பேசுவதை நிறுத்தாதீர்கள். கனடாவின் வான்கூவரில் ஹாஸ்பிஸ் நோயாளிகளிடம் மூளை அலைகளை அளந்து பார்த்த ஆய்வு 2020-இல் வந்தது. நினைவில்லாமல் கிடந்தவர்களில் சிலரின் மூளை, ஒலிகளுக்கு ஆரோக்கியமானவர்களைப் போலவே எதிர்வினை காட்டியது. புரிந்துகொண்டார்களா என்பதை அந்த அலைகளை வைத்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் அந்த அறையில் அவருடைய சிகிச்சையைப் பற்றியோ அத்தையைப் பற்றியோ கிசுகிசுக்க வேண்டாம்.

உங்களைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மூன்று வாரம் ஆஸ்பத்திரி நாற்காலியில் தூங்குகிறவர் யார் என்று நானே ஊகித்துக்கொள்கிறேன். ஆன்மிக ஆலோசகர், சமூகப் பணியாளர் எல்லாம் நோயாளிக்கு மட்டுமே உரியவர்கள் என்று நினைக்காதீர்கள், குடும்பத்துக்கும் சேர்த்துத்தான். கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் எங்களிடம் வருகிறார்கள், அழுதுவிட்டுப் போகிறார்கள். அம்மாவையும் ஒரு நாள் தனியாக உட்கார வைத்துக் கேளுங்கள், "நீ பேசிப் பாரு" என்று உங்களை அனுப்புகிறவருக்கு அப்பாவிடம் தானே கேட்க முடியாத ஏதோ ஒன்று இருக்கிறது.

நாளைக் காலை டாக்டரிடம் வலியைப் பற்றிக் கேட்கும்போதே, இங்கே வலி தணிப்புக் குழு இருக்கிறதா, ஆன்மிக ஆலோசகர் யாராவது வருகிறாரா என்றும் கேட்டுவிடுங்கள். இல்லையென்றால் மருத்துவ சமூகப் பணியாளரைக் கேளுங்கள், யாரைக் கூப்பிடலாம் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். வருகிறவர் அப்பாவை முதலில் பார்க்கும்போது நீங்கள் வெளியே இருந்துவிடுங்கள், மகளிடம் சொல்ல முடியாததை அவர் அந்நியரிடம் சொல்லக்கூடும். அத்தை விஷயம் எப்படிப் போனது என்று எழுதுங்கள், அவர் பிடிவாதம் பிடித்தால் வேறு விதமாக யோசிப்போம்.